கருப்பையை எடுத்தால் அடி இறங்குமா?

கேள்வி: எனக்கு 46 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். இரண்டும் சுகப்பிரசவம். பைப்ரொயிட் கட்டிகளால் இரத்தப்போக்கு அதிகம். லப்பரஸ்கொப்பி முறையில் (சிறு துளைகள் வழியே) கருப்பையை எடுக்கத் திகதி தந்திருக்கிறார்கள். எடுத்தால் அடி இறங்கும் (யோனி கீழே சரிந்து வரும்), சிறுநீர் கசியும் என்கிறா மாமி. உண்மையா?

பதில்: மாமியின் பயத்தில் நியாயம் உண்டு, காரணம்தான் வேறு. கருப்பை எதையும் தாங்குவதில்லை. இணைப்பு நார்களும் இடுப்புத்தளத் தசைகளும்தான் அதையே தாங்குகின்றன. பிரசவம், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் அவற்றைத் தளர்த்தும்.

கருப்பையை எடுக்கும்போது, கருப்பை வாயை முதுகெலும்பின் அடிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் இரண்டு நார்களையும் வெட்டவேண்டி வரும். யோனியின் மேல்முனையைத் தைத்து மூடும்போதே அதை அந்த நார்களோடு சேர்த்துத் தைத்தால் பிறகு இறங்கும் வாய்ப்புக் குறையும். “மேல்முனையை எதோடு சேர்த்துத் தைப்பீர்கள்?” என்று வைத்திய நிபுணரிடம் தயங்காமல் கேளுங்கள். முக்கச் சொல்லிப் பரிசோதித்தாரா? ஏற்கனவே இறக்கம் இருந்தால் கருப்பையை எடுப்பது மட்டும் போதாது, தாங்கலைச் சரிசெய்யும் தையலும் வேண்டும். இருமும்போது இப்போதே கசிகிறதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

தசைப்பயிற்சியை இன்றே தொடங்கலாம். வாயுவையும் சிறுநீரையும் ஒன்றாக அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, 10 செக்கன் பிடித்து, அதேயளவு நேரம் தளர்த்துங்கள். இப்படி 10 தரம், பிறகு விரைவாக 10 தரம். நாளுக்கு மூன்று வேளை. 10 செக்கன் ஏலாவிட்டால் மூன்றில் தொடங்குங்கள். மூச்சை அடக்கவோ பிட்டத்தை இறுக்கவோ கூடாது. சிறுநீர் போகும்போது இடையில் நிறுத்திப் பழகுவதும் பிழை, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. பலன் தெரிய மூன்று மாதமாவது செல்லும். சத்திரசிகிச்சைக்குப் பின், சிறுநீர் போக வைத்த குழாயை எடுத்ததும் மெதுவாகத் தொடருங்கள்.

வெளியே மூன்று நான்கு சிறு துளைகள்தான். அவை கெதியாக ஆறிவிடும். ஏமாறுவது இங்கேதான், உள்ளே போட்ட தையலுக்குப் பல கிழமைகள் வேண்டும். ஆறு கிழமைக்குக் காஸ் சிலிண்டர், தண்ணீர் வாளி, அரிசி மூட்டை எதையும் தூக்காதீர்கள். உடலுறவு வைத்தியர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான். முதல் ஓரிரு நாள் தோள் வலிக்கும். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவின் வேலை அது, நடந்தால் குறையும். மலம் இறுகாமல் பாருங்கள். கொமட்டில் இருக்கும்போது பாதத்துக்குக் கீழே ஒரு சிறு பலகை வைத்தால் முக்காமல் போகும்.

காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, திடீர் இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குதல், யோனிவழியே ஓயாமல் நீர் வடிதல்: இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் அன்றே வாட்டுக்குப் போங்கள்.