ஃப்ரீ செய்த பிறகும் எடை சரியாக வருவது ஏன்?

கேள்வி: மாங்காய் மண்டி வரவுக்கு சி மொழியில் லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு பதிவும் அடுத்த பதிவின் முகவரியை வைத்திருக்கும் சங்கிலி) எழுதுகிறேன். ஒரு லோடின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டில் முதலில் ரகத்தின் பெயர் (24 பைட்), பிறகு எடை, கடைசியில் நெக்ஸ்ட் (அடுத்த லோடின் முகவரி). ஒரு லோடை ஃப்ரீ செய்துவிட்டு (அதன் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு) அச்சிட்டால் ‘பெங்களூரா’ என்ற ரகப் பெயர் குப்பையாக வருகிறது. எடை மட்டும் அப்படியே இருக்கிறது. பாயின்டரை (முகவரி வைக்கும் மாறியை) ‘நல்’ (வெற்று முகவரி) ஆக்கியும் சில நேரம் க்ராஷ் ஆகிறது. ஏன்?
- கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

பதில்: ஃப்ரீ மெமரியை அழிப்பதில்லை, இடம் காலி என்று குறித்துக்கொள்வதோடு சரி. 64 பிட் லினக்ஸில் மெமரியைப் பங்கிடும் சி நூலகமான ஜிலிப்சி, திரும்பி வந்த சிறு துண்டின் முதல் 16 பைட்டில் பொதுவாகத் தன் கணக்கை எழுதிக்கொள்ளும். பெயர் இருந்த இடம் அதுதான். எடை 24 பைட் தள்ளி இருப்பதால் தப்பித்தது. அடுத்து அதே அளவுக்கு மால்லாக் (மெமரி கேட்கும் ஃபங்ஷன்) மூலம் கேட்டால் பெரும்பாலும் இதே இடம் கிடைக்கும். அப்போது பழைய பாயின்டர் வழியாக எழுதினால் புது லோடின் எடை மாறிவிடும், க்ராஷும் ஆகாது. அதுதான் பெரிய ஆபத்து.

‘நல்’ ஆக்குவது நல்ல பழக்கம். ‘நல்’லை ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது என்று சி தரநிலையே உறுதி தருகிறது. ஆனால் மாறுவது அந்த ஒரு மாறிதான். ஹெட் (லிஸ்டின் முதல் நோடைக் காட்டும் பாயின்டர்), முந்தைய நோடின் (லிஸ்டில் உள்ள ஒரு பதிவின்) நெக்ஸ்ட், ஃபங்ஷனுக்குள் போன நகல் எல்லாம் பழைய முகவரியையே வைத்திருக்கும். உங்கள் க்ராஷுக்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

முதலில் முந்தைய நோடின் நெக்ஸ்டை அடுத்த நோடுக்குத் திருப்புங்கள். அதன் பிறகே ஃப்ரீ. முதல் நோடை நீக்கும்போது ஹெட்டே மாற வேண்டும் என்பதால், ஃபங்ஷனுக்கு ஹெட்டின் முகவரியை அனுப்புங்கள். முழு லிஸ்டையும் காலி செய்யும் லூப்பில், நெக்ஸ்டைத் தனி மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு ஃப்ரீ செய்யுங்கள். உங்கள் ஸ்ட்ரக்டில் நெக்ஸ்ட் கடைசியில் இருப்பதால் தவறான லூப்பும் ஓடிவிடும். அதை முதலில் வைத்தால் பெரும்பாலும் உடனே விழும்.

ஜிசிசி கம்பைலரில் ‘-g -fsanitize=address’ சேர்த்து கம்பைல் செய்து ஓட்டுங்கள். தவறாகத் தொட்ட வரி, ஃப்ரீ செய்த வரி, மால்லாக் செய்த வரி மூன்றையும் காட்டிவிடும்.

கேள்வி: ரீஅல்லாக் (வாங்கிய மெமரியின் அளவை மாற்றும் ஃபங்ஷன்) செய்த பிறகு பழைய பாயின்டரைப் பயன்படுத்தலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: கூடாது. வெற்றி பெற்றால் பழையது செல்லாது. தோற்றால் ‘நல்’ வரும், பழைய இடம் அப்படியே இருக்கும். அதனால் விடையை வேறு மாறியில் வாங்கி, ‘நல்’ இல்லை என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். அரேயின் உறுப்புகளுக்குப் பாயின்டர் வைக்காமல் இன்டெக்ஸ் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறினாலும் எண் மாறாது.