கூட்டல் இரண்டு

அன்புள்ள சார்,

நீங்கள் ஓட்டம் பற்றி எழுதுகிற குறிப்புகளை ஒன்றுவிடாமல் படிக்கிறவள் நான். எனக்கு எட்டு வயதில் ஒரு மகன், மூன்று வயதில் ஒரு மகள். இரண்டு வருடமாக ஓடுகிறேன். மூன்று ஹாஃப் மாரத்தான் முடித்துவிட்டேன். இன்னும் இரண்டரை மாதத்தில் முதல் ஃபுல் மாரத்தான்.

ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் 24 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. போன ஞாயிறு மகளுக்கு லேசான காய்ச்சல். "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றார் கணவர். போனேன். திரும்பி வந்தபோது அவள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்த மகன், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டான். சொன்னேன். "அடுத்த வாரம் இன்னும் ஜாஸ்தியா?" என்றான். குளியலறைக்குள் போய் அழுதேன்.

"சின்னப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். கணவர் ஓடியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அது தெரிந்தும் குத்துகிறது. பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையா அது? பிள்ளைகள் வளரும்வரை தள்ளிவைப்பதுதான் சரியா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

நான் சமாளிக்கவில்லை. வீட்டில் இருந்தவர்கள் சமாளித்தார்கள். அது எனக்குத் தெரியவே நான்கைந்து வருடம் ஆயிற்று.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். யாருக்கு என்றைக்கு என்ன வேலை என்பதை அதில்தான் எழுதுவோம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 'லாங் ரன், 3 மணி நேரம்' என்று எழுதிவைப்பது என் வழக்கம். ஒரு நாள் பார்த்தால் அந்த 3-க்குப் பக்கத்தில் பென்சிலில் '+2' என்று இருந்தது. மனைவியின் கையெழுத்து. அடுத்த ஞாயிறிலும் +2. அதற்கடுத்ததிலும். என்ன இது என்று கேட்டேன். "நீங்க வந்ததுக்கு அப்புறம்" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஓடி முடித்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்ப்பேன். எந்தக் கிலோமீட்டரில் வேகம் விழுந்தது, இதயத் துடிப்பு எங்கே ஏறியது, எல்லாம். அப்புறம் குளியல். அப்புறம் தரையில் மல்லாந்து, காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு படுப்பேன். யாராவது எதையாவது கேட்டால் 'ம்'. குழந்தை மேலே ஏறினால், "தொடை வலிக்குதும்மா, அம்மாகிட்ட போ." நடுவில் ஒரு தூக்கம். எழுந்த பிறகும் காரணமில்லாத ஒரு எரிச்சல். என் கணக்கில் நான் ஒன்பது மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டவன். அவர்கள் கணக்கில் பதினொன்றுக்குத்தான் வந்தேன்.

உங்கள் கடிதத்தில் 24 கிலோமீட்டர் இருக்கிறது, இரண்டரை மாதம் இருக்கிறது. இந்தக் கூட்டல் எவ்வளவு என்பது மட்டும் இல்லை. கணவரிடம் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். இரண்டாவது முறையும் கேளுங்கள். உங்கள் மகன் தூரத்தைக் கேட்டதும் இதற்காகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. 24 ஓடினால் அம்மா எத்தனை மணிக்குப் பேசுகிற நிலைக்கு வருவாள் என்று அவன் ஒரு கணக்கு வைத்திருப்பான். 28 என்றால் இன்னும் தாமதமாகும் என்று தெரிந்துதான் 'ஜாஸ்தியா' என்கிறான்.

போன ஞாயிறு போனது தப்பா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. தப்பில்லை. காய்ச்சல் லேசானது. குழந்தை தகப்பன் தோளில் தூங்குகிறது. தன் பிள்ளையைத் தோளில் போட்டு ஒருவர் தூங்கவைத்ததைப் பெரிய தியாகமாக நாம் எதற்குப் பார்க்க வேண்டும்? உங்கள் கணவரே அப்படிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் நீங்கள் போகாமல் இருந்திருந்தாலும் குடி ஒன்றும் முழுகியிருக்காது. இணையத்தில் கிடைக்கிற 16 வாரம், 18 வார மாரத்தான் பயிற்சித் திட்டங்களை எடுத்துப் பாருங்கள். போட்டிக்கு முந்தைய கடைசி இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும். அப்படிக் குறைத்தும் சேர்த்துவைத்தது கரைந்துபோவதில்லை, களைப்புத்தான் போகிறது. அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போனதால் என்ன ஆகிவிடும்? அந்தத் திட்டத்தை எழுதியவருக்கு உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வரும் என்று தெரியாது. கட்டத்தில் டிக் போட வேண்டும் என்ற வெறிதான் நம்மை ஓடவைக்கிறது. எனக்கும் இருந்தது. இளையவள் பிறந்த புதிதில் இரவு நான்கு மணி நேரம் தூங்கிக்கொண்டு வாரத்துக்கு 70 கிலோமீட்டர் ஓடினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். ஆறு வாரம் கைக்குழந்தையோடு நானும் ஒரு குழந்தையாக வீட்டில் கிடந்தேன். மனைவியிடம் இதைப் பற்றி இன்றைக்கும் பேச முடியாது.

கென்யாவின் எலியுட் கிப்சோகே ஒலிம்பிக் மாரத்தானில் இரண்டு தங்கம் வாங்கியவர். வாரநாட்களில் கப்டகட் என்ற ஊரில் உள்ள பயிற்சி முகாமிலேயே தங்கி, வாரக்கடைசியில்தான் மனைவி மக்களைப் பார்க்க வீட்டுக்குப் போவது அவர் வழக்கமாக இருந்தது. அந்த வாழ்க்கையில் ஒரு நேர்மை இருக்கிறது. ஓடும்போது முகாம், வீட்டில் இருந்தால் வீடு. நம் சிக்கல், இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே செய்வது. உடம்பு ஹாலில் கிடக்கும். ஆள் இன்னும் பத்தொன்பதாவது கிலோமீட்டரில் இருப்பார்.

அம்மா ஓடினால் கேள்வி, அப்பா ஓடினால் பாராட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்கச் சரி. நான் 3 மணி நேரம் வெளியே போனபோது யாரும் என்னைப் 'பிள்ளைகளை விட்டுட்டுப் போறான்' என்று சொன்னதில்லை. 'என்ன ஒழுக்கம் பாருங்க' என்றார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல்தான். அதற்கு முன்னால் அங்கே அவர்கள் ஓட முடிந்த அதிகபட்ச தூரம் 1500 மீட்டர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இளமையில் பார்த்த உலகம் அது. கோபப்பட்டுப் பயனில்லை, பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஜாஸ்மின் பாரிஸ் பெயரை யாராவது உங்களிடம் சொல்வார்கள். 2019 ஜனவரியில் பிரிட்டனின் ஸ்பைன் ரேஸில் 268 மைலை 83 மணி நேரத்தில் ஓடி, ஆண்களையும் முந்தி முதலில் வந்தவர். வீட்டில் 14 மாதக் குழந்தை. வழியில் நிறுத்தங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே ஓடினார். 2024இல் அமெரிக்காவின் பார்க்லி மாரத்தான்ஸ் என்ற மலைக்காட்டு ஓட்டத்தை 60 மணி நேர வரம்புக்கு 99 நொடி இருக்கும்போது முடித்தார். அதை முடித்த முதல் பெண் அவர்தான், அப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 'அவங்களால முடியுது, உன்னால முடியாதா' என்று இந்தக் கதையை வைத்து உங்களை அடிக்கிறவர்களை நம்பாதீர்கள். நீங்களும் உங்களை அடித்துக்கொள்ளாதீர்கள். அந்த 83 மணி நேரமும் அந்தக் குழந்தை யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது. நான் அந்தச் செய்தியைப் படித்தபோது முதலில் நினைத்தது அந்தக் கையைத்தான்.

முன்மாதிரி விஷயம். இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, மன்னியுங்கள். நானும் அதைத்தான் சொல்லித் திரிந்தேன். என் பெரியவளுக்கு இப்போது பதினெட்டு. கிளம்பிவிட்ட பேருந்தைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாள். அடுத்த பஸ் வரும் என்பாள். என் மெடல் எதுவும் அவள் நினைவில் இல்லை. அவளுக்கு நான்கு வயது இருக்கும்போது ஒரு நாள் 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து படியில் உட்கார்ந்திருந்தேன். ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தால் பின்தொடை பிடித்துக்கொள்கிறது. அவள் பக்கத்தில் வந்து என் நெற்றியை விரலால் தேய்த்தாள். வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு" என்றாள். அப்புறம் கீழே உட்கார்ந்து நான் போட்டிருந்த இரட்டை முடிச்சோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். முடிச்சு அவிழ்க்க அப்போதுதான் கற்றிருந்த விரல்கள். நகத்தால் கிள்ளி, இழுத்து, ஒரு முறை இன்னும் இறுக்கி, பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் வாட்ச்சைப் பார்க்கவில்லை, கை அவள் தலைமேல் இருந்தது. என் ஓட்டத்தில் அவளுக்கு மிச்சமிருப்பது அந்த உப்பும் முடிச்சும்தான். ஒழுக்கம், விடாமுயற்சி எதுவும் இல்லை.

உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் ஓடுகிறீர்கள். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள். "உங்களுக்காகத்தான் ஓடுறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்காத ஒன்றுக்கு அவர்களைக் கடனாளி ஆக்குவது அது.

தள்ளிவைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். தூரத்தைச் சொல்லாமல் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். எட்டு வயதுப் பையனுக்கு 28 கிலோமீட்டர் என்றால் ஒரு எண். ஒன்பது மணி என்றால் கடிகாரத்தில் ஒரு இடம். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கதவைத் தட்டுங்கள். அன்றைக்குக் கால் ஓடவில்லை, 25தான் ஆயிற்று என்றால் 25ஓடு திரும்புங்கள். மெதுவான லாங் ரன்னில் உடம்பு எண்ணுவது பெரும்பாலும் நேரத்தைத்தான். அந்த மூன்று கிலோமீட்டருக்காக மாரத்தான் உங்களைக் கோபித்துக்கொள்ளாது. அப்புறம், வாட்ச்சைக் கழற்றி ஷூவுக்குள் போட்டுவிட்டு உள்ளே போங்கள். அலசல் எல்லாம் பிள்ளைகள் தூங்கிய பிறகு.

நேரம், தூரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இளையவளுக்குப் படுக்கும் நேரத்தில் ஒரு முறை மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர் ஆன கதையைச் சொன்னேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் வின்ட்சர் கோட்டையிலிருந்து கிளம்பி, மைதானத்தில் அரச குடும்பத்தின் மாடத்துக்கு எதிரே முடிந்தது. அந்தத் தூரம்தான் 1921இல் விதியானது. கோட்டைக்குள்ளிருந்து கிளப்பியதே அரண்மனைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று ஒரு கதை உண்டு. நான் கதையை முடித்ததும் அவள் கேட்டாள், "ஓடுனவங்க வீட்டுப் பிள்ளைங்க எங்க இருந்தாங்க?" விளக்கை அணைத்துவிட்டேன்.

காலண்டர் இன்னும் தொங்குகிறது. இப்போது சனிக்கிழமைக் கட்டம் மனைவியுடையது. நாற்பத்தைந்து வயதில் நீச்சல் கற்றுக்கொண்டாள். 'நீச்சல், 1 மணி நேரம்' என்று எழுதியிருந்தாள். நானும் விடவில்லை, பென்சிலை எடுத்துப் பக்கத்தில் '+1' என்று போட்டுவைத்தேன். மறுநாள் பார்த்தால் அடித்திருந்தது. ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

"நான் வந்தா வந்துடுவேன்" என்றாள்.