பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்

கேள்வி: ஊரார் நோயையெல்லாம் ஜெபித்தே தீர்த்ததாகச் சொல்லப்பட்ட 'இயேசு அழைக்கிறார்' என்ற கிறிஸ்தவ ஊழியத்தை நடத்திய டி.ஜி.எஸ். தினகரன், தன்னுடைய சிறுநீரகக் கோளாறுக்கு மட்டும் டாக்டர்களிடம் போனாரே, ஏன்? (தென்காசி வாசகர்)

பதில்: அவர் உயிரோடு இருந்தபோதே கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி இது. "பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்ததே" என்பார்கள் விசுவாசிகள் (பைபிளில் அப்போஸ்தலர் பவுல், தன்னை விட்டு நீங்காத வேதனையை அப்படிச் சொல்கிறார்), அதோடு வாதம் முடிந்துவிடும். 2008 பிப்ரவரியில் அவர் இறந்த பிறகும் நாம் அந்த முள்ளையே நோண்டிக்கொண்டிருக்கிறோம்.

சுரண்டையில் பிறந்த ஒரு ஸ்டேட் பாங்க் உத்தியோகஸ்தர், பாதிரியார்கூட இல்லை, இத்தனை வீட்டுக்குள் எப்படி நுழைந்தார்? அதைக் கேளுங்கள். வாலிப வயதில் விரக்தியில் சாகப் போனவரை உறவினர் ஒருவர் வழிமறித்து இயேசுவைப் பற்றிச் சொன்னார் என்பதை அவரே மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடி, வரிசையாக உட்கார்ந்து, பிரசங்கம் எப்போது முடியும் என்று கடிகாரம் பார்த்துப் பழகிய ஜனத்துக்கு முன்னால் இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, தழுதழுத்த குரலில், கூட்டத்திலிருந்து ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கம் மைக்கில் 'செல்வராஜ்' என்றால் நாற்பது பேராவது எழுந்திருப்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்த நாற்பது பேரையும் அதுவரை பெயர் சொல்லி விசாரித்தது யார், கடன்காரனைத் தவிர?

குறை சொல்ல வேண்டுமென்றால் நான் நோயை விட்டுவிட்டுக் காணிக்கைக்கு வருவேன். பிள்ளை பெயரில் பணம் கட்டி 'இளம் பங்காளர்' ஆக்கினால் அந்தப் பிள்ளைக்காக ஜெபிப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட அதே அன்பு, ரசீதில் பெயர் எழுதுகிற இடத்துக்கு வந்துவிட்டது. பரீட்சை பயத்தில் இருக்கிற அம்மாவிடம் இதற்குமேல் என்ன விளம்பரம் வேண்டும்?

சரி, பணம் எங்கே போனது என்று கேட்டால் கட்டடமாகவும் கண்ணுக்குத் தெரிகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1986-இல் மகள் ஏஞ்சல் கார் விபத்தில் இறந்தார். அதே வருஷம் கோவை சிறுவாணி மலையடிவாரத்தில் காருண்யா பொறியியல் கல்லூரி வந்தது, பின்னால் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மகளைப் பறிகொடுத்த அப்பா மறுபடி மேடையேறி அடுத்தவர் பிள்ளைக்காக அழுதபோது அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவருக்கு அப்புறம் ஊழியம் மகனிடம் போனது. குரல் மட்டும் எல்லோரிடமும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியைப் போட்டு, திரையைப் பார்க்காமல் காதை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதே இழுவை, அதே விம்மல், அதே "சகோதரியே". பேசுவது எந்த ஊழியக்காரர் என்று கண்டுபிடித்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.