மூன்று எட்டு நொண்டிவிட்டு மறுபடி ஓடும் நாய்

கேள்வி: எங்கள் பொமரேனியன் பெண் நாய்க்கு மூன்று வயது, எடை 5 கிலோ. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று நான்கு எட்டு நொண்டுகிறது. பிறகு அந்தக் காலைப் பின்பக்கமாக ஒரு முறை உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. கத்துவதில்லை, சாப்பாட்டிலும் குறையில்லை. சுளுக்கு என்று நினைத்துக் காலை இழுத்து நீவிவிடுகிறோம். கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறோம். அறுவை சிகிச்சை வரை போகுமா? ஒரு முறை குட்டி போட்ட பிறகு கருத்தடை செய்யலாம் என்று இருக்கிறோம். அதற்கு இது தடையா?

பதில்: சுளுக்கு இப்படி நொடியில் வந்து நொடியில் போகாது. சுளுக்கிய கால் சில நாள்களாவது தொடர்ந்து நொண்டும். நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அந்த உதறல், அதுதான் முக்கியமான தடயம். சிறிய இன நாய்களில் இந்த நடைக்குப் பெரும்பாலும் காரணம் முட்டிச்சில்லு நழுவுவதுதான்.

தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. முழங்கால் மடங்கி நீளும்போதெல்லாம் முட்டிச்சில்லு அதற்குள்ளேயே மேலும் கீழும் ஓட வேண்டும். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், டாய் பூடில் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு இந்தப் பள்ளம் ஆழமில்லாமல் அமைந்துவிடுகிறது. தொடைத் தசை இழுக்கும் திசையும் சற்று உள்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் கப்பியின் பள்ளத்தை விட்டு விலகிய கயிறுபோலச் சில்லு காலின் உள்பக்கம் நழுவி நின்றுவிடுகிறது. நழுவிய நிலையில் முழங்காலைச் சரியாக நீட்ட முடியாது, ஆகவே நாய் காலைத் தூக்கிக்கொள்கிறது. பின்னால் உதறும்போது கால் நீண்டு, தசை நேராகி, சில்லு தன் இடத்துக்குத் திரும்புகிறது.

கத்தவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். நாய்கள் மூட்டு வலியைக் கத்திக் காட்டுவது குறைவு. நழுவும் ஒவ்வொரு முறையும் சில்லின் அடிப்புறக் குருத்தெலும்பு பள்ளத்தின் விளிம்பில் உராய்கிறது. ஆண்டுகள் போகப்போக அது தேய்மானமாகிறது.

கால்நடை மருத்துவர் இதைக் கையாலேயே கண்டுபிடித்துவிடுவார். காலை மெல்ல நீட்டி, பாதத்தை உள்பக்கம் திருப்பி, கட்டைவிரலால் சில்லை ஓரமாகத் தள்ளிப் பார்ப்பார். அது வழுக்கி இறங்குவதும் மீண்டும் ஏறுவதும் விரல் நுனியில் தெரியும். இன்னொரு காலையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தக் குறை உள்ள நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு அது இரண்டு கால்களிலும் இருக்கும். மருத்துவமனையில் நாய் நொண்டிக் காட்டாது என்பதால், அது நொண்டும்போது செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறோம். தள்ளினால் மட்டும் நழுவி, விட்டதும் திரும்புவது முதல் நிலை. அவ்வப்போது தானாகவே நழுவித் திரும்புவது இரண்டாவது. உங்கள் நாய் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் வெளியிலேயே இருந்து, கையால் தள்ளினால் மட்டும் உள்ளே போவது மூன்றாவது. தள்ளியும் உள்ளே போகாதது நான்காவது.

முதல் நிலைக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. இரண்டாம் நிலையில் எப்போதாவது நொண்டினால் கண்காணித்தால் போதும்; நொண்டுவது அடிக்கடி ஆனாலோ தொட்டால் வலித்தாலோ அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். மூன்றாம், நான்காம் நிலைகளில் பொதுவாக அறுவை சிகிச்சையைத்தான் பரிந்துரைப்போம். குட்டியாக இருந்தால் தள்ளிப்போடவே கூடாது, வளரும் எலும்பு கோணலாகிவிடும். பள்ளத்தை ஆழப்படுத்துவது, சில்லின் தசைநார் பிடித்திருக்கும் எலும்பு முனையை வெட்டி நேரான இடத்தில் பொருத்துவது, தளர்ந்த பக்கத்தை இறுக்கித் தைப்பது ஆகியவற்றைத் தேவைக்கேற்பச் சேர்த்துச் செய்வார்கள். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் ஓடாமல் குதிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அந்த வாரங்களில் காட்டும் பொறுமை, அறுவைக்கு இணையாக முக்கியம்.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. முழங்காலுக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் சிலுவைத் தசைநார் என்று ஒன்று இருக்கிறது. சில்லு நழுவும் நாய்களில் சிலவற்றுக்கு நடுவயதுக்குப் பிறகு அதுவும் அறுந்துபோகிறது. "இதற்கு எப்போதும் இப்படித்தான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று வீட்டில் பழகிப்போனதாலேயே அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உதறிய பிறகும் நொண்டல் தீரவில்லை, விரல் நுனியை மட்டும் தரையில் ஊன்றுகிறது, உட்காரும்போது காலை ஒருக்களித்து நீட்டுகிறது, முழங்கால் வீங்கியிருக்கிறது என்றால் ஓரிரு நாள்களுக்குள் காட்டுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. இழுத்து நீவுவதை இன்றோடு நிறுத்துங்கள். பள்ளத்தின் ஆழம் நீவுவதால் கூடாது, இழுப்பதால் வலிதான் கூடும். சமச்சீரான உணவு சாப்பிடும் நாய்க்குத் தனியாகக் கால்சியம் வேண்டாம். எடையைத்தான் பாருங்கள். விலாவின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினால், அழுத்தாமலே எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். 4 கிலோ இருக்க வேண்டிய நாய் 5 கிலோ இருந்தால், அந்த முழங்கால் கால் பங்கு கூடுதல் சுமை தாங்குகிறது. தின்பண்டங்கள் அன்றாடக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வழுக்கும் தரையில் விரிப்புப் போடுங்கள், சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். அதற்காகக் கட்டிப் போட்டுவிட வேண்டாம். கயிறு பிடித்து நாள்தோறும் சீராக நடத்துங்கள். வலுவான தொடைத் தசைதான் சில்லைப் பிடித்து நிறுத்துகிறது.

மனிதர்களுக்கான வலி மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலையும் இரத்த அணுக்களையும் தாக்கும். நாய்களுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, அளவை மருத்துவர் சொல்வார்.

குட்டி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்தக் குறை பரம்பரையாக வருவது. தாய்க்கு லேசாக இருப்பது குட்டிக்குக் கடுமையாக வரலாம். வயிற்றுச் சுமை அந்த முழங்காலுக்கும் நல்லதல்ல. குட்டி ஈன்றால்தான் நாய் ஆரோக்கியமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது உண்மையில்லை. முழங்கால் பரிசோதனைக்குப் போகும்போதே கருத்தடைக்கும் நாள் கேட்டுவிடுங்கள்.