அடிக்காமலே ஏன் ஒப்புக்கொண்டான்?

கேள்வி: பெண்களைக் கொன்ற கர்னல் ரஸ்ஸல் வில்லியம்ஸைக் கனடா போலீஸ் விசாரித்த வீடியோ பார்த்தேன். அடி இல்லை, அதட்டல் இல்லை. வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாமே, மனசாட்சி உறுத்தியதா? ஒப்புக்கொண்டுவிட்டாலே குற்றவாளிதானா?
— ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: சகோதரி, மனசாட்சி என்று எனக்குத் தோன்றவில்லை. 2010 பிப்ரவரி 7, ஒட்டாவா. ட்ரென்டன் விமானப்படைத் தளத்தின் தளபதி சூயிங்கம் மென்றபடி, வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாக உட்காருகிறார். எதிரே ஜிம் ஸ்மித் என்ற அதிகாரி, குரலை உயர்த்தாத மனிதர். மணிக்கணக்கில் பேச்சு போகிறது. அப்புறம் இரண்டு படங்களை அருகருகே வைக்கிறார்: ஒன்று, காணாமல் போன பெண்ணின் வீட்டுப் பின்புறத்தில் பதிந்திருந்த பூட்ஸ் தடம், மற்றொன்று வில்லியம்ஸ் அப்போது காலில் போட்டிருந்த அதே பூட்ஸின் அடிப்பாகம். அங்கே பதிந்த டயர் தடமும் அவர் வண்டியோடு பொருந்திவிட்டது. வில்லியம்ஸ் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மௌனத்தைத் திரும்பப் பாருங்கள், பொய் சொல்லி இனி பிரயோசனமில்லை என்று ஆள் கணக்குப் போடுவது அங்கேதான் நடக்கிறது.

கொலையாளிகள் வாய் திறப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் முதல் காரணம். விசாரணை உளவியலில் பேர்போன கிஸ்லி குட்ஜான்சனும் ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று அவர்கள் நம்புவதைத்தான் முக்கியமாகச் சொன்னார், அடைபட்டுக் கிடக்கும் நெருக்கடி, சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு இரண்டும் கூடச் சேரும்.

ஆனால் ஆதாரம் மட்டும் போதாது, காப்பாற்ற இன்னும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். வில்லியம்ஸுக்கு அது மனைவி. புது வீட்டைப் போலீஸ் சோதனை போடுகிறது, அவளுக்குப் பாதிப்பைக் குறைக்கணும் என்கிறார். எனக்கும் அதுதான் வேண்டும், உண்மையைச் சொல்வதில் ஆரம்பியுங்கள் என்கிறார் ஸ்மித். மிருகமே என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அந்தக் கதவு சாத்திக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, ஒப்புக்கொண்டாலே குற்றவாளிதானா என்ற அடுத்த கேள்வி. இல்லவே இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் பலாத்காரம் செய்யப்பட்ட வழக்கில், 1989இல் பல மணி நேர விசாரணையில் தளர்ந்து ஒப்புக்கொண்ட பையன்கள், சிறைக்கும் போய், 2002இல்தான் டி.என்.ஏ. சோதனைக்குப் பிறகு தண்டனை ரத்தாகிப் பழியிலிருந்து மீண்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதனால் ஒப்புக்கொண்டானா என்று மட்டும் பார்க்காதீர்கள், போலீஸுக்கே தெரியாத எதைச் சொன்னான் என்று பாருங்கள். வில்லியம்ஸ் வரைபடம் கேட்டார். அவர் காட்டிய இடத்தில்தான் அந்தப் பெண்ணின் உடல் கிடைத்தது.