மருந்து போட்டும் திரும்பி வரும் மடிநோய்

கேள்வி: மூன்றாம் ஈத்துக் கலப்பினப் பசு. பின் இடது காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. ஊசி போட்டால் பத்து நாள் நன்றாக இருக்கிறது, பிறகு மறுபடியும் அதே கதை. பசுவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரே காம்பில் விட்டுவிட்டு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை. அது மடிக்குள் நுழைந்ததும் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் இறங்குகின்றன. ஆனால் பாலுக்குள் வந்த வெள்ளணு கொழுப்பையும் கேசீன் என்ற பால்புரதத்தையும் சேர்த்து விழுங்கி வலுவிழக்கிறது. உடம்பு சுரக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி கிருமிமேல் சரியாக ஒட்டினால்தான் வெள்ளணுவுக்குப் பிடிமானம் கிடைக்கும். இந்தக் கிருமியோ ஆன்டிபாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறது. விழுங்கப்பட்டவற்றிலும் சில, வெள்ளணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கும். தொற்று பரவாமலிருக்க உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுச் சுவர் எழுப்புகிறது. கறந்தபின் மடியை அழுத்தினால் கையில் தட்டுப்படும் கெட்டி அதுதான். மருந்தும் அந்தச் சுவரைத் தாண்டிப் போதிய அளவு போவதில்லை. வெளியே உள்ளவை சாக, பால் தெளிகிறது. உள்ளே இருந்தவை பிறகு கசிந்து வருகின்றன.

அடுத்த ஊசிக்கு முன் பால் மாதிரி எடுங்கள். காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முதல் மூன்று பீச்சலை ஒதுக்கிவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் 5 முதல் 10 மி.லி. பிடித்து ஐஸில் வைத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இக்கிருமி எல்லா நாளும் பாலில் வராது. ‘இல்லை’ என்று முடிவு வந்தாலும் இன்னொரு முறை அனுப்புங்கள்.

கிருமி இதுதான் என்றால், கறவையில் திரும்பத் திரும்ப மருந்து வைப்பது பெரும்பாலும் வீண் செலவு. ஈனுவதற்கு 60 நாள் முன்பு வற்றவிடும்போது, கடைசிக் கறவை முடிந்ததும் மருத்துவரைக் கொண்டு நான்கு காம்பிலும் வற்றுகாலத்துக்கான மருந்து டியூப் ஏற்றுங்கள். குணமாக அதுவே நல்ல வாய்ப்பு. அதுவரை அந்தப் பசுவைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கறந்ததும் காம்பை 0.5% அயோடின் கரைசலில் முக்கி, தீவனம் போட்டு அரை மணி நேரம் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காம்புத் துவாரம் மூட நேரம் பிடிக்கும். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம். கெட்டி பெரிதாகிவிட்டால், மருத்துவர் சொல்லும் முறையில் அந்த ஒரு காம்பை நிரந்தரமாக வற்றவிடுவதே மேல். பசுவை விற்று இன்னொரு கறவைக்காரர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பால் திரிவதற்கு முன்பே மடிநோயை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முடியும். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூள் கரையுங்கள். ஒவ்வொரு காம்புப் பாலையும் தனிக் கிண்ணத்தில் பிடித்து, அதே அளவு கரைசல் ஊற்றி மெல்லச் சுழற்றுங்கள். கூழாகத் திரண்டால் அந்தக் காம்பில் வெள்ளணு மிகுந்திருக்கிறது, அதாவது மடிநோய் தொடங்கியிருக்கலாம். ஈன்ற முதல் வாரத்திலும் வற்றப்போகும் தறுவாயிலும் நல்ல மடிப்பாலும் திரளும். அப்போது இந்தச் சோதனை வேண்டாம்.