ஹாட் டாக்கும் இட்லிப் பானையும்

அன்புள்ள சார்,

சிகாகோ நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் பீட்சாவைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டு, பன்னுக்குள் சாஸேஜ் என்ற இறைச்சிக் குழலை வைத்துத் தரும் ஹாட் டாக்கை ஒரே வரியில் கடந்து போயிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிரச்சினையே அதுதான். சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. போர்ட்டிலோஸ் கடையில் ‘எவ்ரிதிங்’, அதாவது மேலே போடுவது எல்லாவற்றையும் போட்டு ஒன்று சாப்பிட்ட நாளிலிருந்து நானும் கணவரும் பெரியவனும் அதற்கு அடிமை. வீட்டில் செய்தால் வரவில்லை. தண்ணீரில் கொதிக்கவிட்டால் சாஸேஜ் வெடித்துச் சப்பென்று ஆகிறது. கிரில்லில் போட்டால் வறண்டு போகிறது. பன் ஒன்று இழுவையாக இருக்கிறது, இல்லாவிட்டால் நடுவில் கிழிகிறது. மாட்டிறைச்சி வெளியே சாப்பிடுவோம், வீட்டில் சமைப்பதில்லை. ஆகவே சிக்கன் சாஸேஜ்தான் வாங்குகிறேன். அதனால்தான் சுவை வரவில்லையா?

பெரியவனுக்கு ஏழு வயது. ஒரு கடையில் கெட்சப் கேட்டதற்குக் கவுன்டரில் நின்றவர் சிரித்துவிட்டார், பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. கெட்சப் போட்டால் என்னதான் குற்றம்? சின்னவளுக்கு மூன்று வயது, அவளுக்கும் இதைக் கொடுக்கலாமா? கணவர் ‘இதெல்லாம் உடம்புக்கு ஆகாது’ என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதைக் கேட்கிறார். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், சைவம். அவர் தட்டில் என்ன வைப்பது என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஆர்.,
நேப்பர்வில்

அன்புள்ள ஆர்.,

சிக்கன் மேல் பழியைப் போடாதீர்கள். வெளியில் மாடு, வீட்டில் கோழி என்ற ஏற்பாட்டை அமெரிக்காவில் எத்தனையோ தமிழ் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதை மாற்றிக்கொள்ளாமலே நல்ல ஹாட் டாக் செய்யலாம். உங்கள் கவனம் முழுக்க சாஸேஜின் மேல் இருக்கிறது. கடையில் நடப்பது நேர்மாறு. அங்கே சாஸேஜைச் சமைப்பது என்று ஒன்று கிடையாது. அது தொழிற்சாலையிலேயே வெந்து வருகிறது, கடைக்காரர் அதைச் சூடு குறையாமல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அவருடைய கைத்திறனெல்லாம் பன்னை ஆவி காட்டி எடுப்பதிலும், மேலே போடும் காய்களிலும், காகிதத்தில் சுற்றிச் சட்டென்று நீட்டுவதிலும் இருக்கிறது.

சிகாகோவில் இது ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1893இல் அங்கே நடந்த உலகக் கண்காட்சியில் ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரீச்சல், சாமுவேல் லடானி என்ற இருவர் சாஸேஜ் விற்றார்கள். இன்று சிகாகோவின் பெரும்பாலான கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வியன்னா பீஃப் நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. பன்றி கலக்காத முழு மாட்டிறைச்சி என்பது யூதர்களின் உணவு வழக்கத்திலிருந்து வந்த பிடிவாதம். காய்கறி சேர்ந்தது பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில். மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் 5 சென்ட்டுக்கு ஒரு சாஸேஜும் பன்னும் கொடுத்தால் வயிறு நிறையாது. மேலே வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மிளகாய் என்று அடுக்கினால் அதே காசுக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிடும். 1929இல் இதைத் தொடங்கியது தாங்கள்தான் என்று ஃப்ளூக்கிஸ் கடைக்காரர்கள் சொல்லிக்கொண்டதுண்டு. யார் தொடங்கினாலும் சரி, காய்தான் இதற்கு உடம்பு. நீங்கள் வீட்டில் காய்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.

முதலில் பன். சிகாகோவில் இதற்கென்றே கசகசா தூவிய பன் உண்டு. ஜூவல் கடைகளில் எஸ். ரோசன்ஸ் என்ற பெயரில் கிடைக்கும். சாதாரண பன்னைவிடச் சற்றுக் கெட்டி, அதனால் ஆவி பட்டாலும் குழையாமல் அத்தனை சுமையையும் தாங்கும். நீங்கள் மைக்ரோவேவில் சூடாக்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் முதல் நிமிடம் மெத்தென்று இருக்கும், ஆற ஆற இழுவையாகிவிடும். உங்கள் வீட்டில் இட்லிப் பானை கட்டாயம் இருக்கும். தட்டின்மேல் துணி விரித்து, பன்னை மூடியபடியே படுக்கவைத்து, ஒரு நிமிடம் ஆவி காட்டுங்கள். அதிகம் போனால் ஒன்றரை. மூடியிலிருந்து சொட்டும் நீர்தான் பன்னுக்கு எமன், அதனால் மூடியை ஒரு மெல்லிய துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். இட்லிக்கு இவ்வளவு பார்க்க மாட்டோம், பன்னுக்குப் பார்க்க வேண்டும். எல்லாம் தயாரான பிறகு, கடைசியாகத்தான் பன் பானைக்குள் போக வேண்டும்.

அப்புறம் சாஸேஜ். கொதிக்கும் நீரில் போட்டால் உள்ளே இருக்கும் நீரும் கொழுப்பும் விரிந்து வெளியேற வழி தேடும், பிளக்கும். சுவை தண்ணீருக்குப் போய்விடும். மாடோ கோழியோ, ஏற்கெனவே வெந்த சாஸேஜாக இருந்தால் உங்கள் வேலை சூடாக்குவது மட்டும்தான். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை மிகவும் தணித்து, குமிழி அடங்கிய பிறகு போட்டு மூடி வையுங்கள். 80 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்தால் போதும். தண்ணீரில் உப்புப் போட மறக்காதீர்கள். நியூயார்க் தள்ளுவண்டிகளில் நாள் முழுக்க ஒரே தண்ணீரில் சாஸேஜ்கள் ஊறிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரை ஊர்க்காரர்களே ‘அழுக்குத் தண்ணீர்’ என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் அதற்குள் உப்பும் மசாலாவும் கொழுப்பும் ஏற்கெனவே இறங்கியிருப்பதால், புதிதாகப் போடும் சாஸேஜிலிருந்து இழப்பு குறைவு. வெறும் தண்ணீரில் நீங்கள் போடும் சாஸேஜுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கடையில் கடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதற்குக் காரணம் ஆட்டுக் குடலால் ஆன மேலுறை. சூப்பர்மார்க்கெட்டில் விற்பதில் பெரும்பாலானவை உறை இல்லாதவை. செல்லுலோஸ் குழாயில் அடைத்து வேகவைத்து, பிறகு அந்தக் குழாயை இயந்திரத்தால் உரித்துவிடுவார்கள். சிக்கன் சாஸேஜ்களில் பல இந்த வகை. ஆகவே அந்தச் சத்தம் வீட்டில் வராது, அதை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு ஈடாக மேலே ஒரு மொறுமொறுப்பைக் கொண்டுவரலாம். தோசைக்கல்லிலோ வாணலியிலோ இரண்டு மூன்று கரண்டி தண்ணீரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு, சிக்கன் சாஸேஜைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் வற்றும்போது உள்ளே சூடேறியிருக்கும், மிஞ்சிய எண்ணெயில் உருட்டிச் சிவக்க விடுங்கள். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் வெறும் கிரில் நெருப்பில் சீக்கிரம் வறண்டுவிடும், இந்த முறையில் தப்பும். ஒரு எச்சரிக்கை: உறையோடு வரும் சில சிக்கன் சாஸேஜ்களில் அந்த உறை பன்றிக் குடலாக இருக்கும். உங்களுக்கு அது பிரச்சினை என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இனி மேலே போடுபவை. பன்னுக்குள் சாஸேஜை வைத்த பிறகு மஞ்சள் மஸ்டர்ட் (கடுகு சாஸ்), கண்ணைப் பறிக்கும் பச்சையில் இனிப்பு ரெலிஷ் (பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய்), பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பக்கம் தக்காளித் துண்டுகள், மறுபக்கம் நீளவாக்கில் வெட்டிய ஊறுகாய் வெள்ளரி, இரண்டு ஸ்போர்ட் பெப்பர், கடைசியில் செலரி உப்பு. அந்தப் பச்சை நிறம் சாயம்தான். சாதாரண ரெலிஷில் சுவை ஒன்றும் குறையாது. ஸ்போர்ட் பெப்பர் என்பது வினிகரில் ஊறிய குட்டி மிளகாய், ஊர்ப் பச்சைமிளகாய் தின்றவர்களுக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் செலரி உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். செலரி விதையையும் உப்பையும் சேர்த்துப் பொடித்தது. வீட்டில் இல்லாதது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், ‘ஏதோ குறைகிறது’ என்று உங்களுக்குத் தோன்றுவதில் பாதி இதுவாக இருக்கும். பார்க்க ஓமம் மாதிரி இருக்கிறதே என்று ஓமத்தைப் பொடித்துப் போட்டுவிடாதீர்கள், கஷாய வாடை வந்துவிடும்.

கெட்சப் விவகாரம். குழந்தையைப் பார்த்துச் சிரித்தது அநாகரிகம். ஆனாலும் அந்த ஊரின் கொள்கைக்குப் பின்னால் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இனிப்புக்கு ரெலிஷ் இருக்கிறது, புளிப்புக்குத் தக்காளியும் ஊறுகாயும் இருக்கின்றன. இனிப்பும் புளிப்புமான கெட்சப்பை அதன்மேல் ஊற்றினால் மற்ற எல்லாம் அதற்குள் அமுங்கிப்போகும். இதே காரணத்தால், வெறும் பன்னும் சாஸேஜும் மட்டும் சாப்பிடும் பையன் கெட்சப் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை, அவனுடையதில் ரெலிஷும் தக்காளியும் கிடையாதே. அமெரிக்காவின் தேசிய ஹாட் டாக் சாஸேஜ் கவுன்சில் 18 வயதுக்குமேல் கெட்சப் கூடாது என்று விளையாட்டாக ஒரு விதி வைத்திருக்கிறது. சிகாகோக்காரரான ஒபாமா அதைவிடக் கண்டிப்பு. 2016இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 8 வயதுக்குமேல் ஏற்க முடியாது என்றார். அந்தக் கணக்கிலும் உங்கள் பையனுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஹைன்ஸ் நிறுவனம் 2017இல் தன் கெட்சப்பையே ‘சிகாகோ டாக் சாஸ்’ என்று லேபிள் மாற்றிக் கொண்டுவந்து அந்த ஊர்க்காரர்களைச் சீண்டிப் பார்த்தது. பையனிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அவனுக்கு அந்தக் கடை மேல் கோபம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்வாக்கி அவென்யூவில் இருக்கும் சூப்பர்டாக்குக்குக் கூட்டிப் போங்கள். 1948இலிருந்து நடக்கிறது. கூரைமேல் ஆளுயரத்தைவிடப் பெரிய இரண்டு ஹாட் டாக் பொம்மைகள், ஒன்று ஆண், ஒன்று பெண். ஆண் சிறுத்தைத்தோல் உடுத்திப் புஜத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், இரவில் இரண்டும் கண்ணடிக்கும். காரை நிறுத்தி, ஒலிபெருக்கியில் சொன்னால் தட்டைக் கார் ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். பெட்டிக்குள் ஹாட் டாக்கும் அதன்மேல் உருளை வறுவலும் சேர்ந்து வரும். ஊரே மெச்சும் இன்னொரு கடை ரிவர் குரோவில் இருக்கும் ஜீன் அண்ட் ஜூட்ஸ். அங்கே உட்கார இடமில்லை, கெட்சப் இல்லை, தக்காளிகூட இல்லை. மஸ்டர்ட், ரெலிஷ், வெங்காயம், மிளகாய், அதன்மேல் சுடச்சுட ஒரு கை வறுவல், அப்படியே காகிதத்தில் சுற்றித் தருவார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், போர்ட்டிலோஸும் நல்ல கடைதான். 1963இல் வில்லா பார்க்கில் ஒரு டிரெய்லர் வண்டியில் தொடங்கியது, இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. ஆனால் ஜீன் அண்ட் ஜூட்ஸின் வறுவல் அங்கே கிடைக்காது.

சின்னவள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஹாட் டாக்கை முழுசாகவோ வட்டவட்டமாக வெட்டியோ கொடுக்கவே கூடாது. அந்த வட்டம் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும் அளவில் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2010இல் இதன் வடிவத்தையே மாற்ற வேண்டும் என்று கேட்டது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்குங்கள். உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வது சரி, இரண்டாவது கேட்பதுதான் தவறு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஒரு பவுண்டுக்குப் பத்து வரும் பாக்கெட்டில் ஒரு சாஸேஜ் 45 கிராம். கணக்கு தினசரிக்கு, மாதம் ஒருமுறை சாப்பிடுபவர் தூக்கம் கெட வேண்டியதில்லை. கோழி என்பதால் விலக்கு கிடையாது, அதுவும் பதப்படுத்தியதுதான். பாக்கெட்டில் ‘அன்கியூர்ட்’ (பதப்படுத்தாதது) என்று பெரிதாகப் போட்டுக் கூடுதல் காசு வாங்குவார்கள். பொடி எழுத்தில் செலரித் தூள் என்று இருக்கும். அதிலிருந்து வருவதும் இறைச்சியைப் பதப்படுத்தப் போடும் அதே நைட்ரைட் உப்புதான்.

மாமியாருக்கு ஜீன் அண்ட் ஜூட்ஸ் கடையின் பாணியே கைகொடுக்கும். உருளைக்கிழங்கைத் தோலோடு விரல் பருமனில் நறுக்கி, மொறுமொறுவென்று பொரித்து, ஆவி காட்டிய கசகசா பன்னில் அடைத்து, மஸ்டர்டும் வெங்காயமும் தக்காளியும் மிளகாயும் செலரி உப்பும் போடுங்கள். சாஸேஜ் போன்ற ஒன்றைச் சோயாவில் செய்து விற்பார்கள், அது வேண்டாம். இறைச்சியை நினைவூட்டும் பண்டத்தைச் சைவர் முன்னால் வைப்பதைவிட உருளைக்கிழங்கு மேல். பன்னில் முட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாஸேஜ் உருட்டிய வாணலியில் அவருக்குப் பொரித்துவிடாதீர்கள். இட்லிப் பானைக்குள் பன் தவிர வேறெதுவும் போகாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.